காரைக்குடிப் பக்கம் என் தம்பியைப் போன்றவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். அம்மா வயிற்றில் இருந்தபோதே மதுவால் மூளை பாதிக்கப்பட்டவன் என் தம்பி, வயது 22. கடைக்கு அனுப்பினால் வாங்க வேண்டியதை மறந்துவிடுவான், மீதிச் சில்லறையைக் கேட்டவரிடம் கொடுத்துவிட்டு வெறும் பையோடு வருவான். ஊரார் சோம்பேறி என்கிறார்கள். மூளையின் பாதிப்பு முகத்தில் எழுதியா ஒட்டியிருக்கும்? (அம்மாவைப் பழிக்க வருகிறவர்கள் தயவுசெய்து தள்ளி நில்லுங்கள்.)

வெளிநாடுகளில் இந்தப் பாதிப்புள்ளவர்களே குழு அமைத்து, தங்களுக்காகத் தாங்களே பேசுகிறார்கள். தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் அப்படி இளைஞர்கள் இருந்தால் எழுதுங்கள். பெற்றோர் புலம்பும் கூட்டமாக வேண்டாம், அந்த இளைஞர்களே பேசட்டும். எங்கள் வீட்டு வளவில் கூடலாம். இரைச்சல் தம்பிக்கு ஆகாது, அதனால் சந்தை நாள் மட்டும் வேண்டாம்.

இன்னொன்று: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இந்தப் பாதிப்புக்குத் தனிப் பெயர் இல்லை. அறிவுசார் குறைபாடு என்ற பிரிவில் சான்றிதழ் வாங்கியவர்கள் வழி சொல்வீர்களா?