அலங்காரத்தை எல்லாம் எடுத்துவிட்டேன், அப்பாவுக்கு வருத்தம்

அல்லிக்குளம்:
வீட்டில் சாமி கும்பிடும் இடத்தில் இருந்த பட்டுத்துணி, சரிகைத் தொங்கல், சீரியல் பல்பு எல்லாவற்றையும் போன மாதம் எடுத்துவிட்டேன். ஒரே ஒரு விளக்கு மட்டும்தான் இருக்கிறது. எனக்கு இப்போதுதான் மனம் ஒரு இடத்தில் நிற்கிறது, முன்பெல்லாம் கண்ணை மூடினாலும் சரிகை மடிப்பு கலைந்திருக்கிறதே, அந்தச் சரத்தில் ரெண்டு பல்பு எரியவில்லையே என்று அங்கேயே ஓடும். ஆனால் அப்பா "மொட்டையா கிடக்கு" என்கிறார். வந்து நிற்கிறார், அரை நிமிடத்தில் போய்விடுகிறார். கடவுளுக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் கேட்டது தப்பா?

நேர்வழி:
தப்பே இல்லை. மனத்தில் மாசில்லாமல் இருப்பதுதான் அறம், மற்றதெல்லாம் ஆரவாரம் என்று 34-ஆம் குறளே சொல்லிவிட்டது. அப்பா பழகிவிடுவார், விடுங்கள்.

கல்தச்சன்:
அவ்வளவு சுலபமாக முடித்துவிட முடியாது நேர்வழி. 12-ஆம் நூற்றாண்டு பிரான்சில் இதே சண்டை நடந்தது. பெர்னார்டு என்ற துறவி 1125 வாக்கில், தேவாலயம் தன் கற்களுக்குப் பொன் போர்த்திவிட்டுப் பிள்ளைகளை அம்மணமாக விடுகிறது என்று கடுமையாக எழுதினார். அதே காலத்தில் சூஜே என்ற மடாதிபதி செயின்ட் டெனி தேவாலயத்தின் ஒரு பகுதியை வண்ணக் கண்ணாடிகளோடு எடுத்துக் கட்டி 1144-இல் திறந்தார். கண்ணில் படும் ஒளி மனத்தை மேலே தூக்கும் என்பது அவர் நம்பிக்கை. எனக்குப் பிடித்தது என்னவென்றால், அந்தப் பெர்னார்டே பொதுமக்கள் வரும் தேவாலயங்களுக்கு அலங்காரம் தேவைப்படலாம் என்று ஒப்புக்கொண்டார், அவர் கோபமெல்லாம் துறவிகள் மடத்தில் அது எதற்கு என்பதுதான். உங்கள் வீட்டில் நீங்கள் துறவி மாதிரி, சரி. அப்பாவையும் ஏன் துறவியாக்க வேண்டும்?

பவளமல்லி:
எளிமையைக் கட்டாயமாக்கினால் அதுவும் வெளிவேஷம்தான். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் எளிய உடை என்று தொடங்கினார்கள், போகப் போக எல்லோரும் ஒரே மாதிரி உடுத்த வேண்டும் என்று ஆனது. அந்த இயக்கத்தின் தாய் என்று சொல்லப்படும் மார்கரெட் ஃபெல், 1700-இல், வயதான காலத்தில், இது என்ன அற்பமான நற்செய்தி என்று கண்டித்துக் கடிதம் எழுதினார்.

அப்புறம் பெரியபுராணத்தில் வரும் சிவனடியார் பூசலார். மனத்திலேயே கோயில் கட்டியவர் என்பதால் எளிமைக்கு அவரைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். கதையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். முதலில் நிஜக் கோயில் கட்டத்தான் பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. பிறகு மனத்தில் நாள் பார்த்து, தச்சரைச் சேர்த்து, அடித்தளம் போட்டு, விமானம், சிகரம், சுதைவேலை, கிணறு, மதில், குளம் என்று ஒன்று விடாமல் கட்டினார், இரவு தூக்கம்கூட இல்லாமல். அவர் கட்டியது சின்னக் குடிசை இல்லை, முழுக் கோயில்! பொன்னும் கல்லும் இல்லை என்பதைவிட, ஒவ்வொரு கல்லுக்கும் அவர் மனம் செலவானது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதனால் ஒன்று கேட்கிறேன், அந்தப் பட்டையும் பல்பையும் உங்கள் வீட்டில் யார் பார்த்துக்கொண்டார்கள்?

அல்லிக்குளம்:
பவளமல்லி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். துணியை நான்தான் மாற்றுவேன், அதில் எனக்கு ஒன்றும் இல்லை, அது பெட்டியிலேயே இருக்கட்டும். பல்புச் சரம் அப்பாவுடையது. வாரம் ஒருமுறை தரையில் உட்கார்ந்து, மடியில் சரத்தைப் போட்டு, ஒவ்வொரு பல்பாகக் கழற்றித் துடைத்து மாட்டுவார், விட்டுப்போன ஒயரைப் பல்லால் சீவி டேப் சுற்றுவார். அந்த நேரத்தில் கூப்பிட்டால் காதில் விழாது. அதை நான் பொழுதுபோக்கு என்றே இத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன்.

இன்று காலையில் சரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன். நான் விடியற்காலையில் விளக்கோடு உட்கார்ந்துகொள்கிறேன், சாயங்காலம் அவர் சரத்தைப் போட்டுக்கொள்ளட்டும் என்று பேசிக்கொண்டோம். இப்போது கூடத்தில் உட்கார்ந்து அந்த ரெண்டு பல்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.