சரளிவரிசையா, தேவாரமா: புதுப்பிப்பு

சங்கீத ஆசிரியராக வர ஆசை, சின்னப் பிள்ளைகளுக்கு எதிலிருந்து தொடங்குவது என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, பாதிப்பேர் சரளிவரிசை (சுவரங்களை ஏற்றி இறக்கிப் பாடும் முதல் பயிற்சி), மற்றவர்கள் பாட்டு என்றீர்கள். இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்: முதலில் தேவாரம், அதிலிருந்து சரளிவரிசை.

எங்கள் திருகோணமலைப் பிள்ளைகள் அறநெறி வகுப்பிலேயே சம்பந்தர் கோணேசர்மேல் பாடிய பதிகத்தைக் கேட்டுப் பழகியவர்கள். அதன் பண் (பழந்தமிழ் இராகம்) புறநீர்மை, இன்று பூபாள இராகத்தில் பாடுவது வழக்கம். பூபாளத்தின் ரி, ப, த சுவரங்கள் அப்படியே சரளிவரிசை பழகும் மாயாமாளவகௌளை இராகத்திலும் இருக்கின்றன, காந்தாரம் (க) மட்டும் மேலே ஏறி அந்தர காந்தாரம் ஆகும், பிறகு ம, நி இரண்டும் சேரும். அதனால் தெரிந்த பாட்டிலிருந்து சுவரத்துக்குப் போகலாம். அயலில் உள்ள பிள்ளைகளோடு செய்து பார்த்தேன். ஒரு சின்னவள் அந்தர காந்தாரத்தைப் பிடிக்க நாடியை உயர்த்தி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு எம்பினாள், பிடித்தும்விட்டாள். கொப்பி, தாளக்குறி எல்லாம் அப்புறம். (சோதனைக்கு அவையும் வேண்டும்தான், சண்டைக்கு வராதீர்கள்.)

என் திட்டம்: மட்டக்களப்பு கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பட்டம், அப்புறம் நியமனம். கிடைத்தால் மூதூர்ப் பக்கம் போகத்தான் விருப்பம், டவுனில் ரியூசனுக்காவது ஆள் இருக்கிறது. மேடைக் கச்சேரி ஆசை இல்லையா என்று கேட்டவருக்கு: இருக்கிறது, ஆனால் இரண்டாவதாக.

அந்த நிறுவகத்தில் படித்தவர்கள் யாராவது இருந்தால் செயன்முறைத் தேர்வு எப்படி என்று சொல்லுங்கள்.