கொசப்பேட்டை மண்ணும் பீங்கான் மண்ணும் ஒரே சிற்பத்தில் சேருமா?

கேள்வி: வியாசர்பாடி வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் 62 வயதான, பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. 1963இல் இரங்கூனில் ஒரு சீனக் குடும்பத்தில் பிறந்தேன். பிறந்த பதினைந்தாம் நாள், அதே தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த தமிழ்த் தம்பதியர் என்னை வாங்கி வளர்த்தனர். 1964இல் பர்மாவின் நே வின் இராணுவ அரசு கடைகளை அரசுடைமையாக்கியது. அடுத்த ஆண்டு அகதிகளாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். அன்றுமுதல் வியாசர்பாடிதான் என் ஊர். பள்ளியில் ‘சப்பை மூக்கு’ என்று கூப்பிட்டவர்கள் உண்டு. வீட்டில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை. அம்மா தம் கடைசிக் காலத்தில் ஒரே ஒருமுறை, “ஒன்னப் பெத்தவங்க நீளக் கைக்காரங்க” என்றார். கை நீளம் என்றால் நம் பேச்சில் என்ன பொருள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு ஆண்டுகளாக மாலை வகுப்பொன்றில் மண் சிற்பம் பயில்கிறேன். குழந்தையை இடுப்பில் வைத்து நிற்கும் பெண்ணுருவம் ஒன்றை இரண்டடி உயரத்தில் செய்யத் தொடங்கினேன். கொசப்பேட்டையில் பிள்ளையார் பொம்மை செய்பவரிடம் வாங்கிய களிமண்ணால் தாயையும், வெள்ளைப் பீங்கான் மண்ணால் குழந்தையையும் வனைந்தேன். முழுதாகக் காய்வதற்குள்ளேயே இணைப்பு வாய் பிளந்துவிட்டது. இரண்டாம் முறையும் அப்படியே ஆயிற்று. பயிற்றுநரோ, “இதை விட்டுவிட்டு வெள்ளை ஜாடியொன்றில் நீல டிராகன் வரையுங்கள், பார்த்தவுடன் சீனம் என்று தெரியும்” என்கிறார். வரைந்தும் பார்த்தேன், ஆண்டு விழாவுக்கு மாறுவேடம் போட்டதுபோல் இருந்தது.

இந்த இரு மண்ணையும் சேர்க்க வழி உண்டா? சீன மொழியில் ஒரு சொல்கூட அறியாத நான் பீங்கானை என்னுடையதாக எடுத்தாள்வது பொருந்துமா?

பதில்: சூளைக்காரன்

அம்மா, முதல் கேள்விக்கு மட்டுமே என்னால் விடை சொல்ல முடியும். ஈரமாக இருக்கும்போது ஒட்டி, ஒன்றாகச் சுட்டு, இவ்விரண்டையும் சேர்க்க இயலாது. நம் ஏரிக் களிமண் காய்ந்து வெந்து முடியும்போது ஏறத்தாழ 8 விழுக்காடு சுருங்கும். பீங்கான் மண் 12 முதல் 15 விழுக்காடு வரை சுருங்கும். ஒன்று மற்றொன்றைவிட வேகமாக இழுப்பதால் இணைப்புப் பிளப்பது இயல்பு. உங்கள் கைவேலையில் குறை இல்லை. பிளக்காமல் தப்பினாலும் சூளையில் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. சிவப்பு மண் 900 முதல் 1000 பாகை செல்சியசில் வெந்துவிடும். பீங்கானில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் உருகிக் கண்ணாடியாகி மற்றதைப் பிணைக்க 1280 பாகையாவது வேண்டும். அந்தச் சூட்டில் கொசப்பேட்டை மண் தொய்ந்து உருகிவிடும். ஆகவே இரண்டையும் தனித்தனியே சுட்டபின்தான் சேர்க்க வேண்டும்.

உடைந்ததைத் தங்கப் பொடியால் ஒட்டும் சப்பானிய முறையைப் பலரும் பரிந்துரைப்பார்கள். எனக்கு அது இப்போது சற்றுச் சலித்துவிட்டது. சீனர்களுக்கே உரிய பழைய முறை ஒன்று உண்டு: பீங்கான் ஓட்டில் வைர முனைத் துரப்பணத்தால் பாதி ஆழத்திற்குத் துளையிட்டு, செம்பு அல்லது இரும்புக் கவ்விகளை அடித்து இறுக்குவது. வைரத் துரப்பணம் இல்லாதவன் பீங்கான் வேலையை ஏற்காதே என்று அவர்களிடம் பழமொழியே இருக்கிறது. தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில், 13ஆம் நூற்றாண்டில் லாங்சுவான் சூளையில் செய்யப்பட்ட இளம்பச்சைக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. விரிசல் விட்ட அந்தக் கிண்ணத்தைச் சப்பானிய ஆட்சியாளர் அசிக்காகா யோசிமாசா, இதேபோல் வேறொன்று வேண்டும் எனச் சீனாவுக்கு அனுப்பியதாகவும், இதற்கு ஈடானது இப்போது செய்ய முடியாது என்று கவ்வி அடித்துத் திருப்பி அனுப்பினார்கள் என்றும் அதன் வரலாறு சொல்கிறது. கவ்விகள் வெளியே தெரியும், இணைப்பை மறைக்காது. உங்கள் சிற்பத்துக்கு அதுதான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது.

பதில்: பினாங்கிலிருந்து இராயபுரம்

அக்கா, உங்கள் கருத்தில் ஒரு மாறுபாட்டைச் சொல்ல அனுமதியுங்கள். என் அத்தை 1950இல் பினாங்கில் சீனக் குடும்பத்தில் பிறந்தவர். அது புலி ஆண்டு. அந்த ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாதவள் என்ற நம்பிக்கையும் வறுமையும் சேர்ந்து, என் தாத்தாவின் கைக்கு அவரைக் கொண்டுவந்தன. மலாயாவில் தமிழர் வீடுகளில் இப்படி வளர்ந்த சீனப் பெண்கள் ஏராளம். அத்தை தைப்பூசத்திற்குப் பால்குடம் எடுப்பார், நல்ல தமிழில் சண்டை போடுவார், தம்மிடம் ஏதோ குறைவதாக ஒருநாளும் சொன்னதில்லை. 1992 முதல் 2024 வரை சீனா 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை வெளிநாட்டுப் பெற்றோருக்குத் தத்துக் கொடுத்தது. ஒரு குழந்தைக் கொள்கையின் காலத்தில் பெற்றோரைவிட்டுப் பிரிந்து, கடல் கடந்து, தம் முகச்சாயலில் ஒருவரும் இல்லாத ஊர்களில் வளர்ந்த அவர்கள் கலை வழியே தேடுவது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்களையும் என் அத்தையையும் ஒரே தெருக்காரர்கள் கைமாற்றிக்கொண்டார்கள். அதை இழப்பாக மட்டும் எழுத முடியாது.

மேலும், தாய் சிவப்பு, குழந்தை வெள்ளை என்று வைத்தால் பார்ப்பவர் கண்ணுக்குத் தோல் நிறம் மட்டுமே தெரியும். உங்களைச் சப்பை மூக்கு என்றவர்கள் கண்டதும் அவ்வளவுதானே?

பதில்: அத்தோக் கடைக்காரர் மகன்

அம்மா, நாங்களும் பர்மாவிலிருந்து வந்தவர்கள்தான். உங்கள் கேள்வியில் எல்லோரும் மண்ணைப் பார்த்தார்கள். எனக்கு ‘நீளக் கைக்காரங்க’ என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. அது திருட்டைக் குறிக்கும் சொல் அன்று. பர்மாவில் சீனர்களை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள்: தச்சுவேலை முதலியன செய்த கான்டன்காரர்கள் குட்டைக் கைச் சட்டை அணிந்ததால் ‘லெட்டோ’, வணிகம் செய்த ஹொக்கியன்காரர்கள் நீளக் கைச் சட்டை அணிந்ததால் ‘லெட்ஷே’. லெட்ஷே என்றால் நீளக் கை. உங்கள் அம்மா அந்தப் பர்மியச் சொல்லை அப்படியே தமிழில் சொல்லியிருக்கிறார்.

ஹொக்கியன் என்பது ஃபூசியான் மாகாணத்தின் பெயர். வெண்பீங்கானில் குவான்யின் தெய்வச் சிலைகள் வடித்துப் பெயர்பெற்ற தெஹுவா அங்கேதான் இருக்கிறது. மடியில் குழந்தையோடு அமர்ந்த குவான்யினும் அவற்றில் உண்டு. தெஹுவா இன்று சுவான்சோ நகராட்சிக்குள் அடங்கும். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் சிவன் கோயில் சிற்பங்களும் கிடைத்த அதே சுவான்சோ! அந்தக் காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகள் இராமநாதபுரம் பெரியபட்டினத்தில் தோண்டத் தோண்டக் கிடைத்தன. இதனால் உங்கள் பிறந்த வீடு எது என்பது தெரிந்துவிடாது. ஆனால் பீங்கானைத் தொட நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்: வியாசர்பாடி வாசகி

அம்மா இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை ஆண்டுகளும் அந்தச் சொல்லை நான் தவறான பொருளிலேயே வைத்திருந்தேன். பிறர்க்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தவள் வேறு. நேற்று இரவு உங்கள் பதிலைப் பலமுறை படித்தேன், தம்பி.

பினாங்குச் சகோதரி சொன்னது சரி. தாய், குழந்தை இருவரையும் கொசப்பேட்டை மண்ணிலேயே செய்யப்போகிறேன். குழந்தையின் ஒரு கைக்கு மட்டும், விரல்களை மூடித் தொங்கும் நீளமான சட்டைக் கையைப் பீங்கானில் தனியே செய்து, செம்புக் கவ்விகளால் தோளில் பொருத்த எண்ணம். சுட்டு முடித்தபின் அந்தக் கை 12 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். சூளைக்காரத் தம்பி, ஈர மண்ணில் எவ்வளவு நீளம் வைக்க வேண்டும்?

பதில்: சூளைக்காரன்

14 விழுக்காடு சுருக்கம் என்று கொண்டால் ஏறத்தாழ 14 செ.மீ. வையுங்கள், அம்மா. ஆனால் முதலில் அதே மண்ணில் 10 செ.மீ. பட்டை ஒன்றைச் செய்து, உங்கள் வகுப்புச் சூளையில் சுட்டு அளந்து பாருங்கள். சிவப்பு உருவத்தை முன்னதாகச் சுட்டுவிட்டால் தோளின் அளவு உறுதியாகத் தெரியும். கவ்விக்கான துளைகளை இரண்டிலும் சுடுவதற்கு முன்பே, வேண்டியதைவிடச் சற்றுப் பெரிதாக இட்டுவிடுங்கள். வைரத் துரப்பணம் தேடி அலைய வேண்டாம்.