மகிழ்ச்சி மிகும்போது கைகளை உதறும் குழந்தை: எப்போது கவலைப்பட வேண்டும்?

கேள்வி (திருப்பூர்த் தாய்):

எங்கள் மகனுக்கு இரண்டரை வயது. வாஷிங் மெஷின் சுழலத் தொடங்கினாலோ, வாசலில் தாத்தாவின் வண்டிச் சத்தம் கேட்டாலோ, குதிகாலை உயர்த்தி நின்று, விரல்களை விரித்து, இரண்டு கைகளையும் தோளுக்கருகே வேகமாக உதறுகிறான். அப்போது வாய் திறந்திருக்கும். தாடை சற்று இறுகியிருக்கும். சில நொடிகளில் அடங்கிவிடுகிறது. பெயர் சொல்லி அழைத்தால் உடனே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான். வாக்கியமாகப் பேசுகிறான், வானத்தில் விமானம் பறந்தால் எங்களுக்கும் சுட்டிக்காட்டுகிறான். ஆயினும் என் மாமியார் இது வலிப்பாக இருக்குமோ என்று அஞ்சுகிறார். பக்கத்து வீட்டார் ஆட்டிசம் என்று முடிவே கட்டிவிட்டார்கள். இவற்றை எப்படி வேறுபடுத்துவது? இப்போதே கையைப் பிடித்து நிறுத்திப் பழக்க வேண்டுமா?

பதில் 1 (குழந்தைகள் நரம்பியல் மருத்துவர்):

நேரில் பார்க்காமல் உறுதி கூற இயலாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் மிக முக்கியமான செய்தி, அழைத்தவுடன் அவன் நிறுத்துகிறான் என்பதுதான். வலிப்பின்போது குழந்தையை அழைத்தோ தொட்டோ நிறுத்த முடியாது. பெரும்பாலும் நினைவும் மங்கும், முடிந்தபின் சோர்வும் தூக்கமும் வரலாம். மேலும் வலிப்பு, தாத்தாவின் வண்டி வரும்வரை காத்திருப்பதில்லை.

ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும் இத்தகைய கை உதறலை எங்கள் துறையில் ஸ்டீரியோடைப்பி என்கிறோம். பெரும்பாலும் மூன்று வயதுக்குள் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே வடிவில், உற்சாகத்திலோ சலிப்பிலோ ஏதேனும் ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போதோ வரும். இதிலிருந்து வேறுபட்ட, ‘டிக்’ எனப்படும் திடீர் வெட்டசைவுகள் பொதுவாகச் சற்றுப் பிந்தி, பள்ளி வயதையொட்டித் தொடங்கும். பெரும்பாலும் கண் சிமிட்டலில் ஆரம்பித்து, மாதங்கள் செல்லச் செல்ல இடமும் வடிவமும் மாறும். எஸ்தர் தெலன் என்னும் உளவியல் ஆய்வாளர் 1979இல் வெளியிட்ட ஆய்வில், இயல்பாக வளர்ந்த 20 கைக்குழந்தைகளிடம் உதைத்தல், ஆட்டுதல், உதறுதல் என 47 வகைத் தாள அசைவுகளைப் பதிவு செய்திருக்கிறார். ஆகவே அசைவு இருப்பதே நோய் என்றாகாது.

இரண்டு நிலைகளில் மட்டும் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை, குறிப்பாகத் தூங்கி எழும்போது, அடுத்தடுத்துத் திடுக்கிட்டு உடல் மடங்கினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முன்பு பேசிய சொற்களையோ கைகளால் பிடித்து விளையாடும் திறனையோ குழந்தை இழந்து வந்தாலும் உடனே காட்ட வேண்டும். மற்றபடி, உங்கள் மகனின் அசைவைக் கைப்பேசியில் முகமும் கால்களும் தெரியும்படி படம்பிடித்து வாருங்கள். மருத்துவரின் அறையில் இவ்வசைவு பெரும்பாலும் வராது.

பதில் 2 (ஒரு தந்தை):

சகோதரி, என் மகள் இப்போது நான்காம் வகுப்புப் படிக்கிறாள். இன்றும் கைகளை உதறுகிறாள். ‘வளர்ந்தால் போய்விடும்’ என்று பலர் சொல்வார்கள். முற்றிலும் போகாமலும் இருக்கலாம். ஆனால் பள்ளியில் அடக்கிக்கொண்டு, வீட்டில் கதை யோசிக்கும்போது மட்டும் செய்கிறாள். ஏன் செய்கிறாய் என்று கேட்டால், அப்போது மனத்துக்குள் படம் ஓடுகிறது என்கிறாள். தயவுசெய்து கையைப் பிடித்து நிறுத்தாதீர்கள்.

பதில் 3 (குழந்தை வளர்ச்சிச் சிகிச்சையாளர்):

மருத்துவர் கூறியதோடு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் இவ்வாறு உதறுவார்கள் என்பதால், அண்டை வீட்டார் சொல்வதைக் கேட்டு அஞ்சவும் வேண்டாம், பேச்சு நன்றாக இருக்கிறது என்று பரிசோதனையைத் தவிர்க்கவும் வேண்டாம். கண் பார்த்துச் சிரிப்பது, பாவனை விளையாட்டு, மற்ற குழந்தைகளிடம் காட்டும் ஆர்வம் ஆகியவற்றை ஒருமுறை முறையாக மதிப்பிட்டுவிடுவது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்களில் இதனைக் கட்டணமின்றிச் செய்கிறார்கள்.

கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. அடுத்த ஆண்டு பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியரிடம் சொல்ல வேண்டுமா? இதற்கு மருந்து ஏதும் உண்டா?

மருத்துவர்:

ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் கேலி செய்தால் அவர் கையாளுவார். இதற்கென்று நன்கு பலன் தரும் மருந்து இல்லை; பெரும்பாலானோருக்குத் தேவையும் இல்லை. பின்னாளில் எழுதுவதற்கோ விளையாடுவதற்கோ இடையூறாக இருந்தால், அசைவைத் தானே உணர்ந்து நிறுத்தக் கற்றுத்தரும் நடத்தைப் பயிற்சி இருக்கிறது. அது ஆறேழு வயதுக்குப் பின்னரே நன்றாகக் கைகொடுக்கும்.