30 சதவீதத்தில் அணையும் லேப்டாப்: காரைக்குடியில் நல்ல பேட்டரி எங்கே கிடைக்கும்?

வணக்கம். விண்டோஸ் பேட்டரி ரிப்போர்ட்படி டிசைன் கெபாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு) 41,000 மில்லிவாட் அவர், இப்போது ஃபுல் சார்ஜ் 25,800. அதாவது 63 சதவீதம். சைக்கிள் (முழுசா சார்ஜ் ஏறி இறங்கிய எண்ணிக்கை) 412, அதனால் இந்தத் தேய்மானம் இயல்புதான். நம்மூர் வெயிலில் எப்போதும் 100-லேயே சார்ஜரில் கிடந்தால் வேறென்ன ஆகும்!

சிக்கல், 30 சதவீதத்தில் பொசுக்கென்று அணைவது. முழுசா ஏற்றி, தானே அணையும்வரை விட்டு, மறுபடி 100 வரை ஏற்றியும் மாறவில்லை. லோடு கூடினால் சீக்கிரமே அணைகிறது. எனவே சதவீதத்தைத் தப்பாகக் காட்டும் கணக்குப் பிழையைவிட, பேட்டரிக்குள் இருக்கும் செல்லின் உள்தடை (மின்னோட்டத்துக்கு உள்ளேயே வரும் எதிர்ப்பு) ஏறி வோல்டேஜ் சரிவதாகவே தோன்றுகிறது. வீக்கம் இல்லை, டச்பேட் சமமாகவே இருக்கு.

11.4 வோல்ட், 3 செல் பேக். செக்காலை ரோடு பக்கம் தயாரிப்புத் தேதி காட்டி, பில்லோடு ஒரிஜினல் தரும் கடை தெரிந்தால் சொல்லுங்க. செல் மட்டும் மாற்றித் தரும் வேலை வேண்டாம்.