சாவி சரி, கதவு திறக்கவில்லை: உங்களுக்கும் நடந்ததா?

திருகோணமலையில் ஒரு சின்ன நூலகம். பழைய பாடசாலை மலர்கள், கோயில் திருவிழா நோட்டீஸ்கள், கறுப்பு வெள்ளைப் படங்கள் என்று ஸ்கேன் செய்து குவித்து வைத்திருந்தார்கள். உப்புக் காற்றில் ஹார்ட் டிஸ்க்கை நம்ப முடியாது. அதனால் இரவில் கொழும்பில் இருக்கும் சேர்வருக்கு ஒரு பிரதி போக வேண்டும். அதைச் செய்து தருகிறேன் என்று வாயை விட்டவன் நான்.

பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சேர்வருக்குள் நுழைய உதவும் சாவிக் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோனேன். பென்டிரைவின் ஃபாட் முறைக்கு யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. லினக்ஸில் போட்டதும் கோப்பு எல்லோருக்கும் திறந்தே கிடந்தது. தூரத்துக் கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்எச் நிரல் அந்தச் சாவியைத் தொடவே மறுத்தது. அனுமதியை 600 ஆக்கினேன், அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம். சரியாகிவிட்டது. அதுவாவது காரணத்தைச் சொல்லி மறுத்தது.

அதற்குப் பிறகு, சாவி இருந்தும் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டே இருந்தது. சேர்வரில் எந்தச் சாவிகளை உள்ளே விடலாம் என்று பட்டியலிடும் ஆதரைஸ்ட் கீஸ் கோப்பு 600, அதை வைத்திருக்கும் அடைவு (ஃபோல்டர்) 700, அதுவும் உரிமையாளருக்கு மட்டும்தான். ஒட்டும்போது வரி உடைந்துவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை, சாவி ஒரே வரியில்தான் இருந்தது. இரண்டு இரவு இப்படியே போனது. இரவு ரயிலில் ஏறிக் கொழும்புக்கே போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் அங்கே சேர்வரைப் பார்க்கும் தம்பியிடம் போனில் ஆத் லாக்கை, அதாவது உள்நுழைவு முயற்சிகளின் பதிவேட்டை, வாசிக்கச் சொன்னேன். “அண்ணை, பேட் ஓனர்ஷிப் ஓர் மோட்ஸ் எண்டு வரிவரியாக் கிடக்கு” என்றார். உரிமையாளரோ அனுமதியோ சரியில்லை என்று அர்த்தம்.

கோளாறு சாவி அடைவுக்கும் மேலே, அதை உள்ளே வைத்திருக்கும் என் ஹோம் அடைவில். அது 775. குழுவில் உள்ள எவரும் அங்கே எழுதலாம் என்றால், என் சாவி அடைவின் பெயரை மாற்றிவிட்டுத் தன்னுடையதை வைக்கலாம் அல்லவா? சேர்வரின் எஸ்எஸ்எச்சில் உள்ள ஸ்ட்ரிக்ட் மோட்ஸ் என்ற சோதனை அதைத்தான் பார்க்கிறது. உரிமையாளர் மட்டுமே எழுதக்கூடிய 755 ஆக்கியதும் உள்ளே விட்டது. காரணத்தை வெளியே நிற்பவனுக்குச் சொல்லாதது நியாயம்தான், வெளியே நிற்பவன் நானாக இல்லாதவரை.

நடுவில் இணைப்பு அறுந்ததற்கு, பேச்சில்லாதபோது சேர்வரை ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் இடைவெளியான சேர்வர் அலைவ் இன்டர்வலை 60 நொடி ஆக்கினேன். அதன் இயல்பு மதிப்பு 0, அதாவது நிறுத்தியே வைத்திருப்பார்கள்.

— உப்புவெளியிலிருந்து: எனக்கு அமேசானின் இணையச் சேமிப்பான எஸ்3இல் 403, அதாவது ‘அனுமதி இல்லை’ என்ற பிழை. சாவியை மூன்று முறை மாற்றி எழுதினேன். உண்மையில் தாய்ப்பலகையின் பட்டன் பேட்டரி செத்திருந்தது. ஒவ்வொரு கரண்ட் வெட்டுக்குப் பிறகும் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போய்விடும். 15 நிமிடத்துக்கு மேல் நேரம் பிசகினால் அது கையொப்பத்தை ஏற்காது.

— நிலாவெளியிலிருந்து: எனக்கும் 403தான், ஆனால் எழுதும்போது இல்லை, திரும்ப எடுக்கும்போது. கோப்பு எஸ்3இன் நீண்டகாலக் கிடங்கான கிளேசியர் டீப் ஆர்க்கைவில் இருந்தது. முதலில் மீட்டெடுக்கும்படி கோரிக்கை கொடுக்க வேண்டும், சாதாரண முறையில் 12 மணி நேரம் வரை ஆகும். இது தெரியாமல் அரை நாள் அனுமதிக் கோப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். அண்ணை, உங்கள் நூலகப் பிரதியைத் திரும்ப இறக்கிப் பார்த்தீர்களா?

— ஒரு திருவிழா நோட்டீஸை மட்டும் இறக்கினேன். திறந்தது. மிச்சம் இந்த வாரக் கடைசியில்.