மறு: மறு: ஊசிப்போன குறிப்புக்கு ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நினைவக மேலாண்மைக்குத் தமிழில் ஒரு அறிமுக ஆவணம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கம், பக்க அட்டவணை, பூட்டு, முகவரி வெளி எல்லாவற்றுக்கும் இங்கேயே சண்டை போட்டு முடித்துவிட்டோம். இப்போது மாட்டிக்கொண்டிருப்பது வேறு இடம். நிரலுக்கு நடுவே எழுதிவைத்த ஒரு குறிப்பு, எழுதிய நாளில் சரியாகவே இருந்தது. பிறகு நிரல் மாறியது, குறிப்பு மாறவில்லை. இப்போது அது பொய் சொல்கிறது. இதற்கு என்ன பெயர்? நான் "ஊசிப்போன குறிப்பு" என்று எழுதினேன். சரிபார்த்த நண்பர் சிரித்துவிட்டு "பிழையான குறிப்பு" என்று மாற்றிவிட்டார். எனக்கு அது ஒப்பவில்லை. ஏன் என்று ஒரு குறிப்பை வைத்தே சொல்கிறேன்.

எம்எம் அடைவில் மெமரி.சி என்ற கோப்பு. அதில் இரட்டை அடிக்கோட்டோடு தொடங்கும் ஹேண்டில்_எம்எம்_ஃபால்ட் என்ற செயற்கூறு (ஃபங்ஷன்). ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒரு முகவரியைத் தொடுகிறது, எந்த முகவரி நினைவகத்தில் எங்கே என்று சொல்லும் பக்க அட்டவணையில் அதற்குரிய பக்கம் இல்லை என்றால் பிராசஸர் வேலையைக் கெர்னலிடம் தள்ளிவிடும் (பேஜ் ஃபால்ட்). தள்ளியது சுற்றிச் சுற்றி வந்து சேருமிடம் இதுதான். இதன் தலையில் நெடுநாளாக ஒரு குறிப்பு இருந்தது. முதல் வரியின் சாரம்: இங்கே வந்து சேரும்போது எம்எம் செமஃபோர் (ஒரு வகைப் பூட்டு) ஏற்கெனவே நம் கையில் இருக்கும். அன்றைக்கு அது உண்மை. ஒரு பிராசஸின் முகவரி வெளி முழுவதற்கும் ஒரே நேரத்தில் பலர் கைவைத்துக் குழப்பாமல் இருக்க அந்த செமஃபோர், அதாவது எம்மேப்_செம் என்ற ஒரே பூட்டுதான் காவல்.

2020இல் வெளிவந்த 5.8 பதிப்பில் அந்தப் பூட்டு எம்மேப்_லாக் என்று பெயர் மாறியது. நிரலில் அதை எடுக்கும், விடும் இடங்களைக் காக்சினெல் என்ற கருவியை வைத்து மாற்றினார்கள். குறிப்புகளில் வரும் பெயரை மாற்றத் தனியாக ஒரு பேட்ச் (திருத்தத் தொகுப்பு). ஆனால் நம் குறிப்பின் முதல் வரியில் இருந்தது "எம்மேப்_செம்" அல்ல, "எம்எம் செமஃபோர்". வலையில் சிக்காமல் தப்பித்துவிட்டது. இரண்டு வரி தள்ளி அதே குறிப்பில், எம்மேப்_லாக் நடுவில் விடுவிக்கப்பட்டிருக்கலாம் என்று புதுப்பெயரில் எழுதியிருக்கிறது. புதிதாகப் படிப்பவன் என்ன நினைப்பான்? இரண்டு பூட்டு இருக்கிறது என்றுதான். நான் நினைத்தேன். இரண்டாவது பூட்டைத் தேடி ஒரு மாலைப்பொழுது போனது, அதை ஒரு படமாக வேறு வரைந்துவைத்தேன்.

இதோடு முடியவில்லை. 2023இல் 6.4 பதிப்பில் முகவரி வெளியின் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிப் பூட்டு வந்தது. பெரிய பூட்டைத் தொடாமலேயே துண்டின் பூட்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்தச் செயற்கூற்றுக்குள் நுழையலாம் என்று ஆனது. அதாவது, பெயரை ஒழுங்காகத் திருத்தியிருந்தாலும் அந்த வரி இப்போது தவறு. துண்டின் பூட்டு அல்லது எம்மேப்_லாக், இரண்டில் ஒன்று கையில் இருக்கும், எது என்று ஒரு கொடி (ஃபிளாக்) சொல்லும் என்று பிறகுதான் மாற்றி எழுதினார்கள்.

இதில் பிழை செய்தவர் யார்? முதலில் எழுதியவர் இல்லை. "பிழையான குறிப்பு" என்றால் பழி அவர் தலையில் போய் விழுகிறது.

* * *

வந்த பதில்களுக்கு ஒரே மடலில் சொல்லிவிடுகிறேன்.

> "பழைய குறிப்பு" என்றே எழுதினால் போதாதா?

போதாது. பழையது எல்லாம் கெட்டது இல்லை. எத்தனையோ வருடத்துக் குறிப்பு இன்றும் அட்சரம் பிசகாமல் சரியாக இருக்கிறது, போன மாதம் எழுதியது இந்த மாதம் கெட்டுக்கிடக்கிறது.

> காலாவதிக் குறிப்பு

காலாவதி என்றால் தேதி முன்கூட்டியே குறித்திருக்கும், மாத்திரை அட்டையில் அச்சடித்த மாதிரி. குறிப்புக்கு அப்படித் தேதி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் நிரலில் கைவைக்கும் நாள்தான் அதன் கடைசி நாள்.

> வழக்கொழிந்த குறிப்பு

இந்தச் சொல்லைத் தொடாதீர்கள், வேறு வேலை இருக்கிறது. பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட செயற்கூற்றுக்கு நாம் வைத்திருப்பது அது. கெர்னலுக்குள் சின்னச் சின்ன நினைவகத் துண்டுகளைப் பிரித்துத் தரும் ஸ்லாப் ஒதுக்கியை 6.8 பதிப்பில் தூக்கிவிட்டார்கள், அதே வேலை செய்யும் ஸ்லப் மட்டும் மிச்சம். ஒழிந்தது ஸ்லாப். அது இன்னும் உயிரோடு இருப்பதுபோலப் பேசும் குறிப்புதான் நம் ஆள். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் குழப்பம்.

> பேஜ் ஃபால்ட்டுக்கு "பக்கப் பிழை" என்கிறோமே, அதிலும் பிழை எதுவும் இல்லையே?

உண்மைதான். தனித் திரி தொடங்குங்கள், வருகிறேன். இங்கே வேண்டாம்.

ஆக, என் ஓட்டு இன்னும் ஊசிப்போனதற்குத்தான். ஆக்கியபோது நல்ல சோறு. ஆக்கியவள் மேல் குற்றமில்லை. வைத்திருந்ததில் கெட்டது. ஒரே பெயரெச்சத்தில் இவ்வளவும் வந்துவிடுகிறது.

* * *

தம்பி,

ஊசிய சோற்று உவமை ருசிக்கிறது. ஆனால் அதிலிருந்து பெயர்ச்சொல் எடுங்கள் பார்ப்போம். "ஊசல்" என்பீர்கள். இயற்பியல் புத்தகத்தில் ஊசல் என்றால் பெண்டுலம். "ஊசிய குறிப்பு" என்று தனியாகப் பார்க்கிறவனுக்கு ஊசிதான் குத்தும்.

முதலில் குறிப்பு என்ற சொல்லையே பாருங்கள். சோர்ஸ் கோடுக்கு "மூல நிரல்" என்று வைத்தாகிவிட்டது. மூலம் என்று சொன்ன வாய் அடுத்து என்ன சொல்லும்? உரை. மூலமும் உரையும். பொழிப்புரை, விருத்தியுரை, அரும்பதவுரை, குறிப்புரை என்று வகைக்கு ஒரு பெயர் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. நிரலுக்கு இடையே இரண்டு வரி எழுதுவது குறிப்புரை. செயற்கூற்றின் தலையில் ஒவ்வொரு உள்ளீட்டையும் விளக்கி எழுதுகிறீர்களே, அது ஏறக்குறைய அரும்பதவுரை. "கருத்துரை" என்று சிலர் எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. பூட்டு கையில் இருக்க வேண்டும் என்பது யாருடைய கருத்தும் அல்ல.

உங்கள் சிக்கல் பழைய நூல்களோடு பழகிய எங்களுக்குப் பழையது. உரைகாரர் கொண்ட பாடம் (மூலத்தின் சொல்வடிவம்) ஒன்று, ஏட்டில் கிடைக்கும் மூலத்தின் பாடம் இன்னொன்று. உரை மூலத்தோடு ஒட்டவில்லை என்றால் பதிப்பாசிரியர் உரையைக் கிழித்துப் போடமாட்டார். உரைகாரர் காலத்தில் மூலம் எப்படி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. பாடபேதம் பல அப்படிப் பிடிபட்டவை. உங்கள் "எம்எம் செமஃபோர்" அப்படி ஒரு சாட்சி. படம் வரைந்த மாலை முழுதாக வீணில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பரிந்துரை: விலகுரை. மூலத்தைவிட்டு விலகு உரை. வினைத்தொகை. விலகிய உரை, விலகுகின்ற உரை, விலகும் உரை, மூன்று காலமும் உள்ளே அடங்கும். சாப்பாட்டு உதாரணம்தான் வேண்டும் என்றால் ஊறுகாயை நினைத்துக்கொள்ளுங்கள், வகுப்பில் நாங்கள் அதைத்தான் சொல்வோம்.

* * *

> மூலத்தைவிட்டு விலகு உரை

ஐயா, சொல் அழகு. ஒரே ஒரு முட்டுக்கட்டை. விலகியது உரை இல்லையே. உரை போட்ட இடத்திலேயே நிற்கிறது. நகர்ந்தது மூலம். மறுபடியும் பழி உரைமேல்தானே?

* * *

தம்பி, பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கம் போட்டிருப்பீர்கள். சராசரியைவிட்டு மதிப்பு விலகியதா, மதிப்பைவிட்டுச் சராசரி விலகியதா என்று யாராவது வழக்குப் போட்டார்களா? இரண்டுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்பதுதான் கணக்கு.

* * *

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சொல்லை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், பேட்ச் அனுப்பிப் பழகியவள் என்ற முறையில் ஒரு சங்கதி.

தம்பி சொன்ன உதாரணத்தில் இருப்பது ஒரு நோய் இல்லை, இரண்டு. 2020இல் வந்தது பெயரில். 2023இல் வந்தது பொருளில். முதலாவதைத் தேடி மாற்றலாம், ஸ்கிரிப்ட் போதும். இரண்டாவதற்கு உட்கார்ந்து நிரலைப் படிக்கணும், யார் யார் எந்தப் பூட்டோடு உள்ளே வருகிறார்கள் என்று ஒவ்வொரு வழியாகப் பின்னால் போய்ப் பார்க்கணும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ஸ்கிரிப்ட் ஓட்டிவிட்டு "குறிப்பெல்லாம் சுத்தம் செய்தாச்சு" என்று சொல்லிவிடுவார்கள். பெயர் மட்டும் புதிதாகி, பொருள் கெட்ட குறிப்பு இன்னும் மோசம். பழைய பெயர் இருந்தால் படிப்பவருக்கு ஒரு சந்தேகமாவது வரும். புதுப்பெயர் பூசியதும் நேற்று எழுதியதுபோல இருக்கும், நம்பிவிடுவோம்.

கருவியும் ஓரளவுதான் உதவும். சாய்கோட்டுக்குப் பிறகு இரண்டு நட்சத்திரம் போட்டுத் தொடங்கும் கெர்னல்-டாக் குறிப்புகளில், செயற்கூற்றின் உள்ளீடு ஒன்று விளக்கப்படாமல் விட்டுப்போனால் எச்சரிக்கை வரும். இல்லாத உள்ளீட்டை விளக்கியிருந்தாலும் வரும். ஆனால் "பூட்டு கையில் இருக்கும்" என்ற வாக்கியம் உண்மையா என்று அது கேட்காது. "இன்ன செயற்கூற்றைப் பார்க்க" என்று வேறு எழுதியிருப்போம். நம் குறிப்பிலேயே அப்படிக் காட்டியிருந்த ஒரு செயற்கூறு, பக்கங்களைத் தொகுப்பாகக் கையாளும் ஃபோலியோ வந்தபின், பெயரில் இருந்த லாக்_பேஜ் என்ற பகுதி போய் ஃபோலியோ_லாக் என்று மாறியது. அதையும் நினைவு வைத்து மாற்றத்தான் வேண்டியிருந்தது.

குறிப்பை மட்டும் திருத்தும் பேட்சை எல்லாரும் கைதட்டி வரவேற்பதும் இல்லை. ஒரு வரியை யார், எதற்காக எழுதினார் என்று, நிரலின் வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் தேடும்போது, உண்மையான காரணம் சொல்லும் கமிட்டுக்கு (மாற்றப் பதிவுக்கு) மேலே எழுத்துப்பிழைத் திருத்தம் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். அந்த எரிச்சல் நியாயமானதுதான். அதனால் எதைத் திருத்துகிறோம் என்பதைப் பேட்சின் தலைப்பிலேயே பிரித்துச் சொல்லச் சொல் வேண்டும்.

* * *

அக்கா, இதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஐயாவின் சொல்லையே இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன்: பெயர் விலகல், பொருள் விலகல். கணக்கில் விலக்கம் என்று இருப்பதால் இங்கே விலகல் என்றே வைத்துக்கொள்ளலாம், இரண்டும் முட்டாது. ஆவணத்தில் போட்டுப் பார்த்த வாக்கியங்கள்:

"5.8இன் பெயர் மாற்றத்துக்குப் பிறகு இந்தக் குறிப்புரையில் பெயர் விலகல் மட்டுமே இருந்தது, 6.4இல் பொருள் விலகலும் சேர்ந்தது."

"பூட்டு பற்றிப் பேசும் விலகுரைகளை முதலில் திருத்துக."

"செயற்கூற்றை மாற்றும் பேட்ச், அதன் குறிப்புரையை விலகவிடக் கூடாது."

மூன்றும் தடங்கல் இல்லாமல் ஓடுகின்றன. மூன்றாவதில் வினையாகவும் வருகிறது, ஊசலை வைத்து இதைச் செய்திருக்க முடியாது. கமெண்ட்டுக்குக் குறிப்புரை என்பதையும் எடுத்துக்கொள்கிறேன். உரை என்று மொட்டையாகச் சொன்னால் டெக்ஸ்ட் கோப்போடு மோதும், குறிப்புரைக்கு அந்தத் தொல்லை இல்லை.

பழைய பாடத்துக்குச் சாட்சி என்று ஐயா சொன்னது உண்மை, ஆனால் இங்கே சாட்சியைக் கிட் காப்பாற்றிவைக்கிறது. ஏட்டுக்கு அந்த வசதி இல்லை. அதனால் விலகுரையைக் கூசாமல் அழிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

இரண்டு பூட்டுப் படத்தையும் நீக்கிவிட்டேன். அப்புறம் யோசித்தால், 6.4க்குப் பிறகு உண்மையிலேயே இரண்டு வகைப் பூட்டு இருக்கிறது. பெயர்களை மட்டும் மாற்றித் திரும்பப் போட்டிருக்கிறேன், பொருள் விலகியிருக்கிறதா என்று அக்கா ஒருமுறை பார்த்துவிடுங்கள்.